நவம்பர் 9-ஐ யார் குறித்தார்கள்?

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செய்தித்தாளில் 'வரலாற்றில் இன்று' என்ற பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. வானொலியில் காலையில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போடுகிறார்கள். ஒரே தேதியில் ஒரு நாட்டில் மன்னர் முடிசூடியிருப்பார், இன்னொரு கடலில் கப்பல் மூழ்கியிருக்கும், வேறெங்கோ ஒரு விஞ்ஞானி பிறந்திருப்பார். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. ஆனாலும் ஒரே தேதி என்றதும் ஏதோ கண்ணுக்குத் தெரியாத கயிறு இவற்றைக் கட்டியிருப்பதுபோல நமக்குத் தோன்றிவிடுகிறது.

நூலகத்தில் கூடியிருக்கிறோம், புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616-ல் ஒரே நாளில் காலமானார்கள் என்று அன்றைக்கு மேடைதோறும் சொல்வோம். ஆனால் ஸ்பெயின் அப்போது புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஸ்பெயினில் 23 என்றால் இங்கிலாந்தில் அன்று 13. ஆக, ஏட்டில் ஒரே தேதி உண்டு, ஒரே நாள் இல்லை. அமெரிக்காவின் ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் கதை வேறு. சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று, சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். இதில் கணக்குப் பிசகு ஏதும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அதுதான்.

நான் இன்று பேச வந்தது இந்த இரண்டும் அல்லாத ஒன்றைப் பற்றி. தானாக விழுந்ததுபோலத் தெரியும், கிட்டப் போய்ப் பார்த்தால் யாரோ பறித்துப் போட்டது தெரியும், அப்படிப்பட்ட ஒரு தேதி. ஜெர்மனியின் நவம்பர் 9.

1848-ல் அந்நாளில் ஒரு ஜனநாயகவாதியைச் சுட்டுக் கொன்றார்கள். 1918-ல் முடியாட்சி விழுந்து குடியரசு பிறந்தது. 1923-ல் ஹிட்லரின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1938-ல் நாடெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. 1989-ல் பெர்லின் சுவர் திறந்தது. இந்த நாளை ஜெர்மானியர்களின் விதி நாள் என்று சொல்கிற வழக்கம் அங்கே உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. விதி என்று சொன்ன மாத்திரத்தில் செய்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். இந்த ஐந்தில் எது தற்செயல், எது ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் இங்கே செய்யப் போகிறேன்.

1918. முதல் உலகப் போரில் தோற்றாயிற்று என்பது தளபதிகளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் கடற்படையை ஒரு கடைசிச் சண்டைக்கு அனுப்ப முனைந்தார்கள். மாலுமிகள் மறுத்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில் கீல் துறைமுக நகரம் அவர்கள் கைக்கு வந்தது. கலகம் ஊர் ஊராகப் பரவியது. நவம்பர் 9 சனிக்கிழமை காலையில் பெர்லின் தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியேறி நகரின் நடுவே வந்து குவிந்தார்கள். கைசர் இரண்டாம் வில்லெல்ம் அப்போது பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில், ராணுவத் தலைமையகத்தில் இருந்தார். முடிதுறப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கவில்லை. பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன் பொறுத்துப் பார்த்துவிட்டு, நண்பகல் வாக்கில், கைசர் முடிதுறந்துவிட்டார் என்று தாமே அறிவித்துவிட்டார். தம் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட்டிடம் ஒப்படைத்தார்.

அதே கட்சியின் பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்து உணவகத்தில் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரே பின்னாளில் எழுதி வைத்தது இது. அரண்மனை மாடத்திலிருந்து தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்று யாரோ வந்து சொல்ல, சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு ஜன்னலில் நின்று, கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்து, ஜெர்மனி இனிக் குடியரசு என்று சொல்லிவிட்டார். அப்போது மணி சுமார் இரண்டு. ஏபெர்ட் கொதித்துப் போனார். இதைச் சொல்ல உனக்கு என்ன அதிகாரம், நாடு குடியரசா வேறொன்றா என்பதை அரசியல் நிர்ணய சபை அல்லவா தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அன்று மாலை நான்கு மணி வாக்கில் லீப்னெக்ட் தம் சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே ஊரில், ஒரே பிற்பகலில், இரண்டு குடியரசுகள்! அடுத்த ஜனவரியில் லீப்னெக்டும் அவருடைய தோழர் ரோசா லக்சம்பர்க்கும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பிளவு ஜெர்மன் இடதுசாரிகளுக்குள் ஆறவே இல்லை.

இந்தத் தேதியை யாராவது குறித்தார்களா? இல்லை. பஞ்சத்திலும் போரிலும் நொந்த மக்கள் பொறுமையிழந்த நாள் அது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில் வியன்னாவில் ராபர்ட் ப்ளூம் சுடப்பட்டதை நினைத்து யாரும் 1918-ல் தெருவுக்கு வரவில்லை. ப்ளூம் கொலோன் நகரத்தின் ஏழை வீட்டுப் பிள்ளை. லைப்சிக் நாடக அரங்கில் வேலை பார்த்தபடியே அரசியலுக்கு வந்து, ஃப்ராங்க்ஃபர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார். வியன்னாப் புரட்சிக்காரர்களுக்கு ஆதரவு சொல்லப் போனவர் அங்கே படையினரிடம் மாட்டிக்கொண்டார். நாடாளுமன்ற உறுப்பினருக்கு உரிய சட்டப் பாதுகாப்பை ராணுவ நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசாரித்த மறுநாள் காலையே சுட்டுவிட்டார்கள். 1848-க்கும் 1918-க்கும் இடையே கருத்தளவில் உறவு உண்டு, தேதியளவில் இல்லை. அது முழுக்கத் தற்செயல்.

1923-ல் கதை மாறுகிறது. போரில் தோற்றது ராணுவம். ஆனால் உள்நாட்டுத் துரோகிகள் முதுகில் குத்தியதால்தான் தோற்றோம் என்ற பொய்யை வலதுசாரிகள் ஐந்து ஆண்டுகளாக ஊட்டி வளர்த்திருந்தார்கள். குடியரசை அமைத்தவர்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்' என்று பட்டப்பெயர். அந்த ஆண்டுப் பணவீக்கமோ சொல்லும் தரமன்று. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் வரை போயிற்று. நவம்பர் 8 மாலை, ம்யூனிக் நகரின் ப்யூர்கர்ப்ரொய்கெல்லர் என்ற பெரிய பீர் மண்டபத்தில், பவேரியாவின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த குஸ்தாவ் ஃபான் கார் பேசிக்கொண்டிருந்தார். ஹிட்லர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு உள்ளே பாய்ந்து, கூரையைப் பார்த்துச் சுட்டு, பெர்லினில் இருக்கும் நவம்பர் குற்றவாளிகளின் ஆட்சி முடிந்தது என்று கூவினார். மாநில அதிகாரிகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த மாலை அது; அதனால்தான் அந்த மாலை. நவம்பர் 9 நண்பகலில் சுமார் இரண்டாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்ற நினைவு மண்டபத்தருகே போலீஸ் சுட்டது. ஹிட்லர் தரப்பில் பதினாறு பேரும் போலீஸ்காரர்கள் நால்வரும் இறந்தார்கள். ஹிட்லருக்குத் தோள் பிசகியது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில் ஐந்தாண்டு சிறை என்று தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார். ராஜத் துரோகத்துக்கு அந்த நீதிபதிகள் காட்டிய கருணையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

இங்கே கவனியுங்கள். 1923-ன் தேதி பாதி சந்தர்ப்பம், பாதி கருத்து. ஹிட்லர் அழிக்க நினைத்தது 1918-ஐத்தான். தோற்றுப்போன அந்த நாளை, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பிறகு நாஜிகள் என்ன செய்தார்கள் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

திருவிழாவாக்கினார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 8 மாலை அதே பீர் மண்டபத்தில் ஹிட்லரின் உரை, 9 அன்று அதே வழியில் ஊர்வலம். 1935-ல் அந்தப் பதினாறு பேரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, கோனிக்ஸ்ப்ளாட்ஸ் சதுக்கத்தில் கட்டிய இரண்டு மண்டபங்களில் உலோகப் பெட்டிகளில் வைத்தார்கள். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலேயின் பக்கவாட்டில் ஒரு நினைவுப் பலகை, இரவும் பகலும் காவல். அவ்வழியே போகிறவர்கள் எல்லோரும் கையை நீட்டி வணக்கம் செலுத்தியாக வேண்டும். வணக்கம் சொல்ல மனமில்லாத ம்யூனிக் மக்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற விஸ்கார்டிகாசே என்ற குறுகிய சந்தில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இன்றைக்கு அந்தச் சந்தில் தரையைப் பார்த்து நடந்தால், சாதாரணக் கற்களுக்கு நடுவே வெண்கலக் கற்கள் வளைந்து வளைந்து ஒரு தடமாகப் போவது தெரியும். கற்களின் மேல் பெயர் கிடையாது, விளக்கப் பலகை தேடித்தான் பார்க்க வேண்டும். ஒதுங்கிப் போனவர்களின் காலடித் தடத்துக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அது. எனக்கு ம்யூனிக்கின் எந்தக் கோபுரத்தையும்விட அந்தக் கற்கள் பெரியவை.

இப்போது 1938. போலந்துக் குடியுரிமை பெற்ற யூதர்கள் ஆயிரக்கணக்கானோரை அக்டோபர் இறுதியில் நாஜிகள் வாரிக்கொண்டு போய் போலந்து எல்லையில் தள்ளினார்கள். போலந்தும் உள்ளே விடவில்லை. அப்படித் தள்ளப்பட்டதில் ஹனோவர் நகரத்துத் தையல்காரர் குடும்பம் ஒன்று. அவர்களின் மகன் ஹெர்ஷல் க்ரின்ஸ்பான், பதினேழு வயது, பாரிசில் இருந்தான். அக்காவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நவம்பர் 7 அன்று துப்பாக்கி வாங்கி, ஜெர்மன் தூதரகத்துக்குப் போய், எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். ராத் இரண்டு நாள் உயிரோடு இருந்து, 9-ஆம் தேதி மாலை இறந்தார்.

அவர் அன்றைக்கு இறந்தது தற்செயல். ஆனால் அந்தச் செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது? ம்யூனிக் பழைய நகர மன்றத்தில், 1923-ன் நினைவு விருந்துக்கு, நாடு முழுவதிலுமிருந்து கட்சித் தலைவர்களும் அடியாள் படைத் தளபதிகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹிட்லரும் கோயபல்சும் தங்களுக்குள் பேசினார்கள். ஹிட்லர் உரையாற்றாமலே எழுந்து போய்விட்டார். இரவு பத்து மணி வாக்கில் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கட்சி இதை ஏற்பாடு செய்யாது, ஆனால் தானாக நடந்தால் தடுக்காது என்பது பேச்சின் சாரம். கேட்டவர்களுக்கு அர்த்தம் புரிந்தது. தொலைபேசியை நோக்கி ஓடினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குப் பேசினார்கள்.

காசெல் நகரப் பக்கத்தில் அதற்கு முன்பே தாக்குதல்கள் தொடங்கியிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூதர்களின் சொத்தைப் பிடுங்கும் திட்டமும் முன்பே நடந்துகொண்டிருந்தது. வெறுப்பு அன்றைக்குப் பிறந்ததில்லை. ஆனால் ஒரே இரவில், நாடு முழுக்க, ஒரே மாதிரி நடந்ததே, அதற்கு அத்தனை தலைவர்களும் அன்று ஒரே மண்டபத்தில் இருந்தது ஒரு காரணம். அவர்களை அங்கே கூட்டி வைத்தது 1923. 1923-க்கு வெறியூட்டியது 1918-ஐப் பற்றிச் சொன்ன பொய். கண்ணி கண்ணியாக வந்து 1938-ல் நிற்கிறது. இதைப் போய் விதி என்பதா?

1,400-க்கும் மேற்பட்ட தொழுகைக் கூடங்களும் வழிபாட்டு அறைகளும் எரிக்கப்பட்டன அல்லது நொறுக்கப்பட்டன. சுமார் 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தீயணைப்புப் படைக்கு உத்தரவு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, தொழுகைக் கூடம் எரிந்து முடியும் வரை நின்றார்கள். ஏறத்தாழ 30,000 ஆண்களைப் பிடித்து தாஹாவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்கு அனுப்பினார்கள். இறந்தவர் 91 என்றது அரசு. முகாம்களில் மாண்டவர்களையும் தற்கொலை செய்துகொண்டவர்களையும் சேர்த்தால் பல நூறு. பிறகு நடந்தது கொடுமையின் மேல் கொடுமை. சேதத்தை யூதர்களே தங்கள் செலவில் செப்பனிட வேண்டும், காப்பீட்டுப் பணம் அரசுக்கு, அதற்கு மேல் நூறு கோடி மார்க் அபராதம்.

பெர்லினில் ஓரானியன்பர்கர் தெருவில் உள்ள பெரிய தொழுகைக் கூடத்துக்கும் தீ வைத்தார்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்துப் போலீஸார் வந்து, இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று சொல்லிக் கும்பலை விரட்டி, தீயணைப்புப் படையை வரவழைத்து அணைக்க வைத்தார்கள். அதே உத்தரவுகள்தான் அவர்களுக்கும் வந்திருந்தன. செய்ய முடிந்தது, செய்தார்கள். மற்ற ஊர்களிலும் முடிந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆண்டுதோறும் ஒரே சடங்கு என்பதில் ஒரு பலவீனமும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் கியோர்க் எல்சர் என்ற தச்சர். 1938 நவம்பரில் ம்யூனிக்குக்கு வந்து பார்த்தார். அதே மண்டபம், அதே மாலை, அதே மேடை, பின்னால் அதே தூண். அடுத்த ஆண்டு முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள், மண்டபம் பூட்டிய பிறகு உள்ளே ஒளிந்திருந்து, தனியொருவராக அந்தத் தூணைக் குடைந்தார். வெடிகுண்டையும் கடிகாரத்தையும் தாமே செய்து வைத்தார். 1939 நவம்பர் 8 இரவு 9.20-க்கு மிகச் சரியாக வெடித்தது. மூடுபனியால் விமானம் வேண்டாம் என்று ரயிலைப் பிடிக்க நினைத்த ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாகப் புறப்பட்டுவிட்டார். எட்டுப் பேர் இறந்தார்கள். சுவிஸ் எல்லையில் பிடிபட்ட எல்சரை, போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, 1945 ஏப்ரல் 9 அன்று தாஹாவில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கட்சியின் சுயபுராணத்தை இவ்வளவு நுணுக்கமாக வாசித்து அதற்குள்ளேயே குண்டு வைத்த வேறொரு மனிதரை நான் வரலாற்றில் அறியேன்.

1989-க்கு வருகிறேன். அந்த நவம்பர் 9 எப்படி நவம்பர் 9 ஆனது என்பது கேட்கத் தகுந்தது.

சுவர் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13. இருபத்தெட்டு ஆண்டுகளில் அங்கே மாண்டவர்கள் குறைந்தது 140 பேர். 1989 இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மனி மக்கள் செக்கோஸ்லோவாக்கியா வழியாகவும் ஹங்கேரி வழியாகவும் சாரி சாரியாக வெளியேறினார்கள். இருந்தவர்கள் லைப்சிக்கிலும் பெர்லினிலும் தெருவில் இறங்கினார்கள். அரசு புதிய பயண விதி ஒன்றை எழுதியது. விண்ணப்பித்தால் அனுமதி என்பது அதன் சாரம். மறுநாள், நவம்பர் 10 அதிகாலை 4 மணிக்குத்தான் அது வெளியாக வேண்டும் என்று குறித்திருந்தார்கள். கட்சித் தலைவர் எகோன் கிரென்ஸ் அந்தத் தாளைச் செய்தியாளர்களைச் சந்திக்கப் போன குந்தர் ஷபோவ்ஸ்கியிடம் கொடுத்தார். அது விவாதிக்கப்பட்டபோது ஷபோவ்ஸ்கி அறையில் இல்லை. ஆறு மணிக்குத் தொடங்கிய சந்திப்பு ஏழு மணியை நெருங்கும்போது பயணம் பற்றிய கேள்வி வந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமின்றி என்றார்.

எட்டு மணிச் செய்தியில் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி எல்லை திறக்கிறது என்றது. மக்கள் சோதனைச் சாவடிகளுக்கு நடந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். மேலதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசினார், உருப்படியான பதில் வரவில்லை. அதிகம் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடு, அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேல் முத்திரை குத்து என்று உத்தரவு வந்தது. அந்த முத்திரை விழுந்தால் திரும்பி வர முடியாது; அது விழுந்தவர்களுக்கே தெரியாது. அப்படி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்த இளம் தம்பதி ஒன்று, வீட்டில் பிள்ளைகள் தூங்குகின்றன, உள்ளே விடுங்கள் என்று கேட்டது. யேகர் விட்டுவிட்டார். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. சுட்டால் பிணம், சுடாவிட்டால் நெரிசல். இரவு 11.30 வாக்கில், மேலிடத்தைக் கேட்காமல், தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். அதிகாரிகள் நினைத்தபடி நடந்திருந்தால் அது நவம்பர் 10 ஆகியிருக்கும். அதுவும் காலையில், அலுவலக வரிசையில், விண்ணப்பப் படிவத்தோடு. நவம்பர் 9 ஆனதற்குக் காரணம் ஒருவர் தாளைச் சரியாகப் படிக்காததும், ஆயிரமாயிரம் பேர் விடியும் வரை காத்திருக்க மறுத்ததும்தான். அவர்களில் யாரும் 1918-ஐயோ 1938-ஐயோ நினைத்துக் கிளம்பவில்லை. 1848 போல இதுவும் தேதியளவில் தற்செயல்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் 1990-ல் எழுந்த கேள்வியின் கனம் புரியும். ஒன்றிணைந்த நாட்டுக்குத் தேசிய நாள் எது? சுவர் திறந்த நாள் என்று சொல்ல நாக்கு எழும். ஆனால் தொழுகைக் கூடங்கள் எரிந்த தேதியில் எப்படி வாணவேடிக்கை விடுவது? ஒன்றிணைப்பு சட்டப்படி நடந்தேறிய அக்டோபர் 3-ஐத் தேசிய நாளாக வைத்துக்கொண்டார்கள். மகிழ்ச்சியான ஒரு தேதியைத் துக்கத்துக்காக விட்டுக்கொடுத்த தேசம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அக்டோபர் 3 உப்புச்சப்பற்ற தேதி என்று அங்கே சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. இப்போது நவம்பர் 9 வந்தால், வீடுகளுக்கு முன் நடைபாதையில் பதித்திருக்கும் சிறு பித்தளைக் கற்களை மக்கள் குனிந்து துடைக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர்ச் சதுரம். இந்த வீட்டில் இருந்தவர் பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டுபோய்க் கொன்றார்கள் என்ற விவரம். அதே நாள் மற்ற இடங்களில் சுவர் திறந்ததைக் கொண்டாடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு நவம்பர் 9. 'வரலாற்றில் இன்று' பட்டியல்களில் இது பெரும்பாலும் வருவதில்லை. 1938-ல் சார்லோட்டே க்னோப்லோக்குக்கு ஆறு வயது. அந்த இரவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ம்யூனிக் தெருக்களில் நடந்தவர். ஓஹெல் யாக்கோப் தொழுகைக் கூடம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஒரு கிராமத்து வீட்டில் மறைந்திருந்து உயிர் தப்பினார். பின்னாளில் அந்நகர யூத சமூகத்தின் தலைவரானார். நகரின் நடுவே புதிய தொழுகைக் கூடம் கட்டத் தீர்மானித்தபோது, அடிக்கல் நாட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட நாள் 2003 நவம்பர் 9. புதிய நாஜிக் கும்பல் ஒன்று அந்த விழாவைக் குண்டு வைத்துக் குலைக்கத் திட்டமிட்டது. போலீஸ் முன்கூட்டியே பிடித்தது. தேதியை மாற்றவில்லை. 2006 நவம்பர் 9 அன்று தோரா சுருள்களைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடந்து வந்து கூடத்தைத் திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர், எரிந்துபோனதன் அதே பெயர், ஓஹெல் யாக்கோப். அந்தத் தேதியை மட்டும் யாரும் யோசிக்காமல் குறிக்கவில்லை.